மாவுச் சாக்கு கவுனான கதை

காலிச் சாக்கு நமக்குச் சில்லறை வரவு. சரக்கு தீர்ந்ததும் உதறி மடித்து வைத்து, சாக்கு வியாபாரி வரும்போது எண்ணிக் கொடுத்துவிடுகிறோம். அதே காலிச் சாக்கு அமெரிக்க நாட்டில் ஒரு காலத்தில் பிள்ளைகளின் உடுப்பாக இருந்தது. கடைக்காரரின் வியாபாரத்தையே அது மாற்றியது.

அங்கே முன்பு மாவு மரப் பீப்பாயில் வந்தது. பீப்பாய் ஒன்றுக்கு 196 ராத்தல். தையல் இயந்திரம் வந்து உறுதியாகத் தைக்க முடிந்த பிறகு பருத்திப் பைகள் பீப்பாயின் இடத்தைப் பிடித்தன. ஆனால் பழைய கணக்கு போகவில்லை. பைகளும் 98 ராத்தல், 49 ராத்தல் என்று அரை, கால் பீப்பாய் அளவிலேயே தைக்கப்பட்டன.

கிராமத்துப் பெண்கள் அந்தப் பைகளை வீணாக்கவில்லை. சங்கிலித் தையல் ஆனபடியால் சரியான முனையைப் பிடித்து இழுத்தால் நூல் முழுவதும் ஒரே இழையாக வந்துவிடும். அதையும் சுற்றி வைத்துக்கொண்டார்கள். துணியில் இருந்த ஆலை முத்திரைதான் பெரும் தொல்லை. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காரச் சோப்புப் போட்டுத் தேய்த்தாலும் சில மை போகாது. அப்படிப்பட்ட துணி உள்ளாடைக்குப் போயிற்று! 1929-க்குப் பின் வந்த பெருமந்தத்தில் புதுத் துணிக்கு வழியில்லாத வீடுகளில் இதுவே பள்ளிக்கூடச் சட்டை. சாக்குத் துணி என்று பிறர் கண்டுகொள்ளக் கூடாதே என்று தாய்மார்கள் சாயம் தோய்த்தார்கள். ஓரத்தில் பூவேலை செய்தார்கள்.

இதை ஆலைக்காரர்கள் கவனித்தார்கள். 1920-களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகர ஆலை ஒன்று 'ஜிங்ஹாம் கேர்ள்' மாவைக் கட்டம் போட்ட துணிப் பையில் விற்றது. 1930-களில் பூப்போட்ட பைகள் வந்தன. முத்திரையும் தண்ணீரில் கரையும் மைக்கு, அல்லது உரித்தெடுக்கும் காகித லேபிளுக்கு மாறியது. 100 ராத்தல் கோழித்தீவனப் பையைப் பிரித்தால் ஒரு கஜத்துக்குச் சற்று அதிகமாகத் துணி கிடைக்கும். பெரியவர்களுக்கு ஒரு கவுன் தைக்க மூன்று பை வேண்டும், அதுவும் ஒரே பூவில்.

இங்கேதான் கடைக்காரர் பாடு திண்டாட்டமாயிற்று. மனைவி கொடுத்தனுப்பிய துணித்துண்டைக் காட்டி, "இதே பூதான் வேண்டும்" என்பார் கணவர். அந்தப் பூ அடுக்கின் அடியில் இருக்கும். நூறு ராத்தல் என்றால் நம் கணக்கில் 45 கிலோ. ஒவ்வொன்றாக இறக்கி, எடுத்து, மறுபடி ஏற்ற வேண்டும். உள்ளே இருக்கும் தீவனம் எப்படி என்று கேட்பார் குறைவு. மூட்டை தூக்கிய அனுபவம் உள்ள நமக்கு அந்தக் கடைக்காரரின் முதுகுவலி நன்றாகவே புரியும்.

இதை ஆலைகளின் தருமம் என்று நினைத்துவிட வேண்டாம். துணியின் விலை சரக்கின் விலையிலேயே அடங்கியிருந்தது. ஆனாலும் எப்படியும் வாங்க வேண்டிய தீவனத்தோடு உடுப்பும் கிடைத்ததால் வாடிக்கையாளர் குறைப்படவில்லை.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் விலை மலிந்த காகிதப் பை வந்தது. துணிப் பை குறையத் தொடங்கியது. விற்பனையைக் காப்பாற்ற, பை தயாரிப்பாளர் சங்கம் பருத்தித் துறையினருடன் சேர்ந்து தையல் போட்டிகள் நடத்திப் பார்த்தது. 1959-இல் கான்சாஸ் மாநிலப் பெண் ஒருவர் அப்படியொரு போட்டிக்காகத் தைத்த கவுன் இன்று ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. காகிதப் பையை அந்தப் போட்டிகளால் தடுக்க முடியவில்லை.