இரண்டு நெறியாளர்கள், ஓர் ஓடை

வேலூரிலிருந்து அமிர்திக்கு ஏறத்தாழ இருபத்தைந்து கிலோமீட்டர். வழியெல்லாம் என் மாணவி வாய் திறக்கவில்லை. உயிரியல் பூங்காவைத் தாண்டி ஓடைக்கரையில் இறங்கியதும்தான் சொன்னாள்: "மேடம், இங்க தண்ணி ஓடுறப்ப நான் பிரான்ஸ்ல இருப்பேன். அப்ப இலைய யாரு எடை போடுவாங்க?"

நான் தாவரவியல் கற்பிக்கிறவள். அவள் ஜவ்வாது மலையில் பிறந்தவள். சாமை விளைவித்த குடும்பம். உலர்ந்த இலைகளை எடை போட்டு, வலைப் பையில் கட்டி, கல்லோடு பிணைத்து ஓடையில் மூழ்க விடுவாள். சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு பையை எடுத்து, இலை எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பாள். இலையை மட்கவைப்பவை பூஞ்சைகளும் சிறு பூச்சிகளும். அவை நலமாக இருந்தால்தான் ஓடையும் நலமாக இருக்கும். கோடையில் வறண்டு, ஐப்பசி மழையில் ஓடத் தொடங்கும் நீரில் இந்த வேலை எப்படி நடக்கிறது என்பதுதான் அவள் கேள்வி. தென் பிரான்சிலும் கோடையில் வறளும் ஓடைகள் உண்டு. பூஞ்சைகளை நுணுகி ஆராயும் ஆய்வகமும் அங்கே இருந்தது. எனவே இரு நாட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து தரும் முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தோம்.

இரண்டு பல்கலைக்கழகங்கள், இரண்டு நெறியாளர்கள், ஒரே ஆய்வேடு: கூட்டு முனைவர் பட்டம் என்பது இதுதான். பிரான்சில் இதைக் 'கோத்யுதெல்' என்பார்கள். இருவர் சேர்ந்து காப்பாளராக இருப்பது என்று பொருள். 1994இலேயே அந்நாட்டு அரசு இதற்கு விதி வகுத்தது. இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022இல் வெளியிட்ட விதிகளின்படி, மாணவருக்கு இரு நிறுவனங்களிலும் நெறியாளர் இருக்க வேண்டும். ஒவ்வொன்றிலும் குறைந்தது ஒரு செமஸ்டர் படிக்க வேண்டும். அதற்கு முன்பே, 2008இல் மும்பை ஐ.ஐ.டி.யும் ஆஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழகமும் கூட்டு ஆய்வுக் கழகம் தொடங்கின. 2018இல் டெல்லி ஐ.ஐ.டி. குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துடன் கைகோத்தது.

வெளிநாட்டு முத்திரைக்காகத்தானே இதெல்லாம் என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்கு இதே மலைத்தொடரில் உள்ள காவலூர் வானாய்வகத்தைச் சொல்வேன். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் கோள் ஒரு விண்மீனை மறைத்தது. மறைப்பதற்கு முன்னும் பின்னும் விண்மீனின் ஒளி சிலமுறை மங்கியது. இந்தியப் பெருங்கடல் மேலே பறந்த அமெரிக்க ஆய்வு விமானத்திலிருந்தும் அதைப் பார்த்தார்கள். காவலூரின் ஒரு மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் பார்த்தார்கள். ஓரிடத்தில் மட்டும் தெரிந்திருந்தால் மேகமோ, கருவிக் கோளாறோ என்று ஐயம் வந்திருக்கும். பல இடங்களில் பதிவானதால் யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பது உறுதியானது. கேள்வி ஒன்றாக இருந்து, பார்க்கும் இடம் இரண்டானால் விடைக்கு வலு கூடுகிறது.

எங்கள் ஒப்பந்தத்தில் பிழை நேர்ந்தது, அந்த இரண்டு இடங்களையும் எப்போது பார்ப்பது என்பதில்தான். கட்டணம் யாருக்கு, தேர்வாளர்கள் எத்தனை பேர், ஆய்வேடு எந்த மொழியில் என்று எல்லாம் எழுதினோம். அவள் வெளிநாட்டில் இருக்கவேண்டிய காலத்தைச் செமஸ்டர் கணக்கில் போட்டோம். அது அக்டோபரில் தொடங்கியது. ஓடையின் கணக்கை யாரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட்டவள் நான்; ஒரு மழைக்காலத்தை இழந்தவள் அவள்.

மாதிரிகளைப் பற்றியும் முன்பே பேசியிருக்க வேண்டும். காட்டுக்குள் ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி தேவை. இலையோ பூஞ்சையோ கடல் கடக்குமுன் 2002ஆம் ஆண்டின் உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்க வேண்டும். அதற்கான தேசிய ஆணையம் சென்னையில்தான் இருக்கிறது. மலையின் பொருள் மலைக்காரர்களுக்குத் தெரியாமல் போய்விடக் கூடாது என்பதற்கான காவல் அது. அலுவலகத் தொல்லை என்று அதை நினைப்பது தவறு.

அடுத்த ஐப்பசியில் பிரான்ஸ் நெறியாளரை அமிர்திக்கே அழைத்தோம். முழங்கால் நீரில் நின்று, என் மாணவி பை கட்டுவதை வெகுநேரம் பார்த்தார். எத்தனையோ மின்னஞ்சல்களில் விளங்காதது அரை நாளில் விளங்கியது. அன்று மாலையே கால அட்டவணையைத் திருத்தினோம். அந்த மழைக்காலம் முழுவதும் அவள் இங்கே. தையில் ஆய்வகத்துக்கு அங்கே. அங்குள்ள ஓடையில் நீர் வரும் பருவம் அதற்கடுத்த ஆண்டு. அவள் இல்லாத மாதங்களில் இங்கே பை எடுக்க இளைய மாணவர்கள் இருவர்.

கூட்டுப் பட்டம் தொடங்க விரும்பும் கல்லூரிகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். துணைவேந்தர்கள் கைகுலுக்குமுன், இரு நெறியாளர்களும் மாணவியோடு ஆய்வுக்களத்தில் ஒருநாள் நிற்கட்டும். எங்கள் ஒப்பந்தத்தின் முதல் பக்கத்தில் இப்போது செமஸ்டர் தேதிகளுக்கு மேலே ஒரு வரி இருக்கிறது: ஐப்பசி, கார்த்திகை – அமிர்தி.