ஜன்னலைச் சாத்தினால் விடுமுறை எங்கே தங்கும்?

நாற்பதைத் தாண்டிய யாரிடமாவது, சின்ன வயதில் கன்னியாகுமரி போன கதையைக் கேட்டுப் பாருங்கள். விவேகானந்தர் பாறையைப் பற்றி ஒரே வரி வரும். படகுக்கு நின்ற வரிசையில் தம்பி ஒற்றைச் செருப்பைத் தொலைத்த கதை பத்து நிமிடம் ஓடும். கலர் மணல் பாக்கெட்டுக்காக அழுது அடி வாங்கியது, லாட்ஜ் குழாயில் வந்த உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காதது, கடலைப் பார்க்காமல் அத்தை பைகளையே எண்ணிக்கொண்டிருந்தது எல்லாம் வரிசையாக வரும். ஆல்பத்தைத் திறந்தால் இதில் ஒன்றுகூட இருக்காது. கடல் பின்னால் தெரிய, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு எல்லோரும் உயர வரிசையில் நின்றிருப்பார்கள். படம் எடுத்த அப்பா மட்டும் எந்தப் படத்திலும் இருக்கமாட்டார்.

ஒரு ஃபிலிம் சுருளுக்கு 36 படம். அதிலும் பாதி, அடுத்த மாதம் வரப்போகும் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கும். மிச்சத்தில்தான் ஊட்டி, கொடைக்கானல், ராமேஸ்வரம் எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே, படத்துக்குக் கொடுத்துவைக்காத ஆயிரம் விஷயங்களைக் காதும் மூக்கும் நாக்கும்தான் பத்திரப்படுத்தின. அவற்றில் பெரும்பாலானவை போய்ச் சேர்ந்த ஊரில் கிடைத்தவை அல்ல என்பதைக் கவனித்தால் ஒரு வேடிக்கை புரியும். நமக்கு நினைவிருப்பதில் பாதிக்கு மேல் ரயிலில் நடந்தது. இன்னும் குறிப்பாகச் சொன்னால், ரயிலின் ஜன்னலோரத்தில் நடந்தது.

நாக்கு படித்த பூகோளம்

எழும்பூரிலிருந்து தெற்கே போகும் பகல் வண்டியில் ஏறிய குழந்தைக்கு, தமிழ்நாட்டு வரைபடத்தைப் பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. முறுக்கு வந்தால் மணப்பாறை. மலைவாழைப்பழம் வந்தால் திண்டுக்கல். மல்லிகை மணம் ஏறினால் மதுரை. வெள்ளரிப்பிஞ்சும் காராச்சேவும் சாத்தூர். கடலைமிட்டாய் என்றால் கோவில்பட்டி, போளி என்றால் கடம்பூர். மணப்பாறை முறுக்குக்கும் கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கும் இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. அரசாங்கம் முத்திரை குத்துவதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே, ஜன்னல் கம்பிக்கு நடுவே கையை நீட்டிய பிள்ளைகள் அந்தக் குறியீட்டை வழங்கிவிட்டார்கள்.

இத்தனைக்கும் வாங்கித் தின்பது சுலபமில்லை. "வீட்டுச் சாப்பாடு இருக்கிறப்ப எதுக்குடா?" என்பார் அம்மா. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி, வாழையிலையில் கட்டி அதன்மேல் செய்தித்தாள் சுற்றிய புளியோதரை, மாங்காய்த் துண்டு போட்ட தயிர்சாதம். பொட்டலத்தைப் பிரித்ததும் எழும் வதங்கிய இலை வாசனை எதிர் சீட்டுக்காரர் வரை போகும். அவருக்கும் ஒரு கை புளியோதரை போகும். பதிலுக்கு அவர் பையிலிருந்து அதிரசம் வரும். பெயர்கூடக் கேட்டுக்கொள்ளாத அந்த மாமாவின் அதிரசத்தை, நாற்பது வருடம் கழித்தும் நம் வீட்டில் யாராவது சொல்கிறார்கள்.

காதுக்கும் தனிப் பாடம் உண்டு. திருச்சிக்கு முன்னால் கொள்ளிடம், அடுத்துக் காவிரி. மண்மேட்டில் ஓடிக்கொண்டிருந்த வண்டி பாலத்தில் ஏறியதும் சத்தம் சட்டென்று மாறும். தூங்குகிற பிள்ளைகூட எழுந்து உட்காரும். அப்பா சில்லறை எடுத்துக் கொடுப்பார், ஆற்றில் வீச. காசு இரும்பில் பட்டுத் தெறித்ததா, தண்ணீரில் விழுந்ததா என்று அண்ணனும் தங்கையும் அடுத்த ஸ்டேஷன் வரை சண்டை போடுவார்கள். வாஞ்சி மணியாச்சி வந்தால், 1911-ல் அங்கே துப்பாக்கி வெடித்த கதையைத் தாத்தா சொல்லாமல் வண்டி கிளம்பாது. பாம்பன் பாலத்தில் வண்டி ஊர்ந்தால் பேச்சு 1964 டிசம்பர் புயலுக்குத் திரும்பும். தனுஷ்கோடிக்குப் போன ரயிலைக் கடல் கொண்டுபோன கதையை, அதே கடலுக்கு மேலே, காலுக்குக் கீழே அலை தெரிய உட்கார்ந்து கேட்ட பிள்ளைக்கு அது பாடப்புத்தகச் செய்தி ஆகாது.

மூக்குக்குக் குறுக்குவழி

இதையெல்லாம் பழைய காலத்துப் புலம்பல் என்று தள்ளிவிட முடியாது. மூளைக்குள் மற்றப் புலன்களின் செய்தி 'தலாமஸ்' என்ற சந்திப்பில் நின்று மாறிப் போகிறது. வாசனை மட்டும் அங்கே நிற்காமல், உணர்ச்சியும் நினைவும் உருவாகும் பகுதிகளுக்கு நேராகவே போகிறது. யூகலிப்டஸ் வாசனை அடித்தவுடன் ஊட்டியின் குளிரும் அன்று போட்டிருந்த கம்பளிச் சட்டையின் அரிப்பும் சேர்ந்து திரும்பி வருவதற்கு அதுதான் காரணம் என்கிறார்கள்.

கேமரா விஷயத்திலும் ஆய்வுகள் இருக்கின்றன. 2014-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், அருங்காட்சியகம் ஒன்றைச் சுற்றிக் காட்டி, சில பொருள்களைப் படமெடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார்கள். மறுநாள் கேட்டபோது, முழுதாகப் படமெடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவிருந்தன. படம் பார்த்துக்கொள்ளும் என்று கண் ஒதுங்கிக்கொண்டது போலும். 2017-ல் வந்த இன்னோர் ஆய்வு சற்றே வேறு விதமாகச் சொன்னது: தானாக விரும்பிப் படமெடுப்பவர்களுக்குப் பார்த்தது நன்றாகவே நினைவில் நிற்கிறது, ஆனால் கேட்டது குறைந்துபோகிறது. நம் கட்சிக்கு அந்த இரண்டாவது பாதி போதும். கொள்ளிடம் பாலத்தை வீடியோ எடுக்கிற கைக்கு, பாலத்தின் சத்தத்தில் பங்கு குறைவு.

இன்னொன்று கொஞ்சம் பயமுறுத்துகிறது. நியூசிலாந்தில் 2002-ல், பெரியவர்கள் 20 பேரிடம் அவர்களுடைய சிறுவயதுப் படங்களோடு ஒரு போலிப் படத்தையும் கலந்து காட்டினார்கள். அதில் அவர்கள் வெப்பக்காற்று பலூனில் பறப்பது போல ஒட்டுவேலை செய்திருந்தார்கள். சில நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பக் கேட்டபோது, பறக்கவே பறக்காத அவர்களில் பாதிப்பேர் அந்தப் பயணத்தைப் பற்றி ஏதாவது 'நினைவு' சொன்னார்கள். ஆல்பம் சாட்சி என்று நாம் நினைக்கிறோம். அது பொய்ச்சாட்சியும் சொல்லும்.

மெதுவாகப் போனால் என்ன கிடைக்கும்?

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி 46 கிலோமீட்டர். மலை ரயில் மேலே ஏற ஐந்து மணி நேரத்துக்குக் கொஞ்சம்தான் குறைவு. 16 குகைகள், 208 வளைவுகள், 250 பாலங்கள். கல்லாறு தாண்டியதும் தண்டவாளத்துக்கு நடுவே இருக்கிற பல்வரிசையை எஞ்சினின் பற்சக்கரம் கவ்விக் கவ்வி ஏறும். 1899-ல் குன்னூர் வரையிலும் 1908-ல் ஊட்டி வரையிலும் வந்த இந்தப் பாதை, 2005-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. பேருந்தில் போனால் பாதி நேரம்கூட ஆகாது. ஆனாலும் இதற்குத்தான் டிக்கெட் கிடைப்பதில்லை.

அந்தப் பெட்டியில் என்ன விசேஷம்? ஏசி இல்லை. ஜன்னல் திறந்திருக்கிறது. குகைக்குள் நுழைந்ததும் பெட்டி முழுக்கப் பிள்ளைகள் கத்துகிறார்கள், பெரியவர்களும் கூடவே கத்துகிறார்கள். ஈரப்பாறையின் வாடையும் எஞ்சின் புகையும் உள்ளே வருகின்றன. வெளியே வந்ததும் குளிர் ஒரு படி ஏறியிருப்பது தோலுக்குத் தெரிகிறது. வெயிலிலிருந்து குளிருக்கு உடம்பே கொஞ்சம் கொஞ்சமாக ஏறிப் போகிறது. ஐந்து மணி நேரம் பிள்ளையை எதுவும் தப்பவிடாமல் வைத்திருப்பது அதுதான். ஒரு காலத்தில் தமிழ்நாட்டின் எல்லா ரயில்களும், வேகத்தைத் தவிர, ஏறக்குறைய இப்படித்தான் இருந்தன. இன்று அதை அனுபவிக்க உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கு முன்பதிவு செய்ய வேண்டியிருக்கிறது.

சாத்திய கண்ணாடி

கவலை இங்கேதான் தொடங்குகிறது. கொஞ்சம் வசதி வந்த வீடுகளில் இன்று மூன்றடுக்கு ஏசிக்குக் கீழே யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. சென்னை–திருநெல்வேலி வந்தே பாரத் 2023 செப்டம்பரில் வந்தது, ஏறத்தாழ எட்டு மணி நேரத்தில் கொண்டுபோய்விடுகிறது. வேகத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் கண்ணாடி திறக்காது, கதவு தானாகச் சாத்திக்கொள்ளும். முறுக்குக்காரர் வெளியே நின்று வாயசைப்பதுதான் தெரியும். ஆறு வந்தால் காசு வீச வழியில்லை. சத்தம் அடங்கிவிட்டதால் ஆறு வந்ததே தெரிவதில்லை. சாத்தூர் காற்றும் சென்னைக் காற்றும் ஒரே 24 டிகிரி.

வெளியே ஒன்றும் வராத இடத்தில் குழந்தை என்ன செய்யும்? போனைப் பார்க்கும். அதைத் திட்டிப் பயனில்லை. பார்க்க, கேட்க, முகர வேறு எதையும் நாம் வைக்கவில்லை. அப்பாவின் கையில் ஒரு போன், அம்மாவின் கையில் ஒன்று, பிள்ளைகளுக்கு ஆளுக்கு ஒன்று. நால்வரும் நாலு படம் பார்த்து ஒரே ஊரில் இறங்குகிறார்கள்.

ஏசியில் என்ன தப்பு என்று கேட்பவர்கள் உண்டு. மே மாத வெயிலில், வயதானவர்களையும் கைக்குழந்தையையும் வைத்துக்கொண்டு ஸ்லீப்பரில் போய்ப் பார்த்துவிட்டு எழுதுங்கள் என்பார்கள். நியாயம்தான். நீராவி எஞ்சின் காலத்தில் கண்ணில் விழுந்த கரித்தூளை யாரும் திரும்பக் கேட்கவில்லை. இருந்தாலும், அந்தக் கரித்தூளைச் சேலைத் தலைப்பை ஊதி ஒற்றி எடுத்த அம்மாவை யாரும் மறக்கவும் இல்லை.

தொலைந்துபோவது இன்னொரு வகையிலும் பெரியது. பயணம் வீட்டுக்கு வந்த பிறகுதான் நினைவாகிறது. செருப்பு தொலைந்த கதையை அண்ணன் ஒரு மாதிரி சொல்வான், "பொய் சொல்றான் பெரியம்மா" என்று தங்கை குறுக்கே வருவாள், அப்பா இருவரையும் திருத்துவார். ஒவ்வொரு பொங்கலுக்கும் ஒரு சுற்று சொல்லிச் சொல்லியே அது குடும்பத்தின் சொத்தாகிறது. அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் உளவியலாளர்கள், தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள் என்பது போன்ற 20 கேள்விகளைக் குழந்தைகளிடம் கேட்டுப் பார்த்தார்கள். குடும்பக் கதைகள் அதிகம் தெரிந்த பிள்ளைகளிடம் தன்னம்பிக்கையும் அதிகம் காணப்பட்டது. கதையைத் தெரிந்துகொள்வதைவிட, உட்கார்ந்து சொல்கிற பழக்கம் அந்த வீட்டில் இருப்பதே முக்கியம் என்பது அவர்களின் விளக்கம். திரும்பச் சொல்ல வேண்டுமானால் எல்லோருக்கும் பொதுவாக ஏதாவது நடந்திருக்க வேண்டும். நாலு பேரும் நாலு திரையில் இருந்த எட்டு மணி நேரத்தில் பொதுவாக என்ன நடந்தது? போனில் நூற்றுக்கணக்கில் படம் இருக்கும், ஸ்டேட்டஸில் வைத்தாகிவிட்டது, எல்லோரும் பார்த்தாகிவிட்டது. அப்புறம் சொல்ல என்ன மிச்சம்?

ஆகவே இந்தக் கோடைக்கு ஒரு யோசனை. போக ஏசி, வர ஏசி என்று போட்டுக்கொண்டாலும், நடுவில் ஒரு துண்டுப் பயணத்தையாவது பகலில், திறந்த ஜன்னலோடு வைத்துக்கொள்ளுங்கள். மதுரையிலிருந்து கோவில்பட்டி போதும். காலை நேரம், கையில் ஒரு பொட்டலம் புளியோதரை. "போரடிக்குது" என்று பிள்ளை சொல்லும். சொல்லட்டும். அந்த அலுப்பு வந்த பிறகுதான் கண் வெளியே திரும்பும். படமும் எடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு ஃபிலிம் சுருள் அளவுக்கு எடுத்துவிட்டுப் போனைப் பைக்குள் போடுங்கள்.

டிக்கெட் எடுக்கும்போது ஒரே ஒரு கணக்கு. மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தைய சம்பவங்கள் பெரும்பாலோருக்கு நினைவில் நிற்பதில்லை. கூட வருவது அந்த வயதுக் குழந்தை என்றால் தாராளமாக ஏசியில் போங்கள். எப்படியும் அது மறந்துவிடும். ஏழு எட்டு வயதுப் பிள்ளை என்றால், ஜன்னல் கம்பி இருக்கிற பெட்டியாகப் பார்த்து எடுங்கள்.