தராசுக்கு வருடா வருடம் முத்திரை, காதுக்கு எப்போது?

வியாபாரிகளாகிய நாம் வருடத்துக்கு ஒரு தடவை தராசைக் கொண்டுபோய் முத்திரை பதித்துக்கொள்கிறோம். சட்டம் ஒரு பக்கம், நிறுவையில் பிழை வந்துவிடக் கூடாதே என்ற பயம் மறுபக்கம். ஆனால் தராசை விடவும் அதிகமாக நாம் நம்பியிருக்கும் ஒன்றை யாரும் சோதித்துப் பார்ப்பதில்லை. அதுதான் நமது காது. விலை பேசுவதும், தொலைபேசியில் ஓடர் எடுப்பதும், கடனுக்குத் தவணை கேட்பதும் அதை வைத்துத்தான்.

எனது அனுபவத்தையே சொல்கிறேன். பதுளையில் உள்ள எனது கடையின் பின்புறம் மிளகாய் அரைக்கும் மில் இருக்கிறது. இருபது வருடங்களுக்கு மேல் அதன் பக்கத்திலேயே இருந்துவிட்டேன். சில வருடங்களுக்கு முன்னர் லுணுகலைப் பக்கத்துத் தோட்டக் கடைக்காரர் ஒருவர் தொலைபேசியில் வெங்காயம் கேட்டார். சிங்களத்தில் அவர் சொன்னது ‘அசூவ’, அதாவது 80 கிலோ. என் காதில் விழுந்தது ‘அனூவ’, 90 கிலோ. அவர் சொன்னதைத்தான் அனுப்பினேன் என்று அவரோடு வாதாடினேன். 10 கிலோ வெங்காயம் திரும்பி வந்தது. அந்த மனிதர் திரும்பி வரவில்லை. இப்படி மூன்றாவது தடவையும் நடந்தபோது மகன் சொன்னான்: “வாப்பா, பிழை அவங்கள்ல இல்ல. உங்களுக்குத்தான் சரியா கேக்குதில்ல.” கோபம் வந்தது. ஆனாலும் போய்ச் சோதித்தேன். மகன் சொன்னதே சரி.

ஏன் இப்படி நடக்கிறது? நமது உட்காதில் மயிரிழை போன்ற நுண்ணிய கலங்கள் ஆயிரக்கணக்கில் உள்ளன. ஒலியை நரம்புக்குக் கொடுப்பவை அவைதான். இடைவிடாத பேரிரைச்சல் அவற்றைச் சாகடிக்கிறது. செத்த கலம் மீண்டும் முளைப்பதில்லை. இரைச்சலால் வரும் பாதிப்பில் முதலில் போவது கீச்சென்ற உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் சக்தி. ‘ச’, ‘ஸ’ போன்ற எழுத்துக்களின் ஒலி அந்த வகையைச் சேர்ந்தது. அதனால்தான் ‘அசூவ’ எனக்கு ‘அனூவ’ ஆனது. வலி இல்லை, சீழ் இல்லை. சத்தம் கேட்கும், சொல் விளங்காது. “மற்றவர்கள் வாய்க்குள் பேசுகிறார்கள்” என்று நினைத்துக்கொண்டே வருடங்கள் போய்விடும்.

நமது ஊவாவில் இந்த ஆபத்து யாருக்கு? தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வாட்டும் விசிறிகள், ரோலர்கள், சலிக்கும் இயந்திரங்கள் மத்தியில் வேலை செய்வோருக்கு. நம்மவர்கள் நடத்தும் அரிசி மில், மர ஆலை, வெல்டிங் பட்டறை, கராஜ் ஆகியவற்றில் நிற்போருக்கும்தான். பொதுவாக 85 டெசிபல் இரைச்சலில் ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம்தான் எல்லை. 88 ஆனால் 4 மணித்தியாலம், 91 ஆனால் 2 மணித்தியாலம். அளக்கும் கருவி இல்லையா? கைநீட்டும் தூரத்தில் நிற்பவரோடு பேச உங்கள் குரலை உயர்த்த வேண்டியிருந்தால் அந்த இடம் ஆபத்தானது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

சோதனை பெரிய விடயமல்ல. முதலில் வைத்தியர் காதுக்குள் பார்ப்பார். சிலருக்கு வெறும் காதுக் குரும்பிதான் காரணம். அதை எடுத்தாலே சரியாகிவிடும். பிறகு சத்தமில்லாத அறையில் ஹெட்போன் மாட்டி, மெல்லிய ஒலி கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொல்வார்கள். அரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். முதல் நாள் மில்லில் நின்றுவிட்டுப் போக வேண்டாம். குறைந்தது 14 மணித்தியாலம் இரைச்சலை விட்டு விலகியிருந்தால்தான் முடிவு சரியாக இருக்கும். கடை பூட்டிய நாளுக்கு அடுத்த நாள் காலை பொருத்தமானது. அரசாங்க ஆஸ்பத்திரிகளின் காது, மூக்கு, தொண்டைப் பிரிவில் இதற்குப் பணமும் கட்டத் தேவையில்லை.

இரைச்சலில் வேலை செய்பவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையும், ஏனையோர் 50 வயதுக்குப் பின்னர் மூன்று வருடங்களுக்கு ஒரு தடவையாவதும் சோதித்துக்கொள்வது நல்லது. நீரிழிவு உள்ளவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஒரு காது திடீரென்று கேட்காமல் போனால் ஒரு நாளும் தாமதிக்கக் கூடாது. உடனே மருந்து தொடங்கினால்தான் மீட்கும் வாய்ப்பு அதிகம்.

முதலாளிமாருக்கு இன்னொரு விடயம். நாம் கல்லாவில் இருக்கிறோம். இயந்திரத்தோடு நிற்பது நமது தொழிலாளி. அவரை வேலைக்குச் சேர்க்கும்போதே ஒரு தடவை சோதித்துவைத்தால் பின்னர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். காதில் பஞ்சு வைப்பது போதாது. இரைச்சலைத் தடுக்கும் காதுமூடி வாங்கிக்கொடுங்கள். ஒரு மோட்டார் பெல்ட் மாற்றக் கணக்குப் பார்க்காத நாம் இதற்கு மட்டும் கணக்குப் பார்க்கக் கூடாது.

இதில் இலாபமும் உண்டு. உலக சுகாதார ஸ்தாபனம் 2021இல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாடுகள் செவிப் பராமரிப்புக்குச் செலவிடும் ஒவ்வொரு டொலருக்கும் பத்து வருடங்களில் ஏறக்குறைய 16 டொலர் பயன் திரும்பக் கிடைக்கும். இவ்வளவு இலாபம் தரும் சரக்கு நமது கடைகளில் எதுவும் இல்லை.

நான் இப்போது மில்லுக்குள் காதுமூடி இல்லாமல் போவதில்லை. தொலைபேசியில் ஓடர் எடுத்தால் எண்ணைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்திக்கொள்கிறேன். போன கேள்வி திரும்பி வராது, இருப்பதையாவது காப்பாற்றலாம். அடுத்த தடவை தராசை முத்திரைக்குக் கொண்டுபோகும் மாதத்திலேயே உங்கள் காதையும் சோதித்துக்கொள்ளுங்கள்.