சிரித்த பிரபுக்களும் சினந்த ரசிகர்களும்

அரியணைக்காக அடித்துக்கொண்டவர்கள் மாண்டார்கள். அந்த அரியணையே நெருப்பில் உருகி ஓடிற்று. ஆனால், அந்தக் கதையைப் பார்த்தவர்களிடையே மூண்ட சண்டை மட்டும் இன்னும் ஓய்ந்தபாடில்லை! அமெரிக்காவின் எச்.பி.ஓ. நிறுவனம் தந்த 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொலைக்காட்சித் தொடரைத்தான் குறிப்பிடுகிறோம். 2011 ஏப்ரல் 17-இல் தொடங்கி, எட்டுப் பருவங்களும் 73 பகுதிகளுமாக நடந்து, 2019 மே 19-இல் முடிந்த தொடர் அது. முடிந்து ஆண்டுகள் பல ஆகியும், "முடித்த விதம் முறையா?" என்ற வழக்குக்குத் தீர்ப்புக் கிடைக்கவில்லை.

"டிராகனும் பனிப்பிசாசும் வருகிற கற்பனைக் கதை; அதற்கு இத்தனை அமர்க்களமா? நாட்டிலே வேறு வேலை இல்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. அவர்களுக்கு நாம் சொல்வோம்: டிராகன் கற்பனைதான், ஆனால், ஆட்சி யாருக்கு, அதிகாரம் எவர் கையில், மக்களைக் கேட்டது யார் என்ற கேள்விகள் கற்பனையல்ல. அந்தக் கேள்விகளுக்காகவே இந்த வழக்கை நாம் கையில் எடுக்கிறோம்.

வழக்கின் வரலாறு இது. ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் என்ற எழுத்தாளர் 1996-இல் தம் நாவல் வரிசையின் முதல் நூலை வெளியிட்டார். மூன்று நூல்களில் முடிப்பதாக எண்ணித் தொடங்கிய கதை, ஏழு நூல்களாக வளரும் என்றாயிற்று. ஐந்தாவது நூல் 2011 ஜூலையில் வந்தது. ஆறாவதோ இன்னும் வந்தபாடில்லை. தொலைக்காட்சி காத்திருக்குமா? 2016-இல் ஒளிபரப்பான ஆறாம் பருவத்திலேயே தொடர் நூலை முந்திக்கொண்டு ஓடிற்று. கதையின் முக்கியமான முடிவுகள் சிலவற்றை மார்ட்டின் முன்னரே சொல்லியிருந்தார். அந்த முடிவுகளுக்குப் போய்ச் சேரும் பாதையைத் தொடரை உருவாக்கிய டேவிட் பெனியாஃபும் டி. பி. வைஸும்தாம் போட வேண்டியிருந்தது. முதல் ஆறு பருவங்களுக்குப் பத்துப் பத்துப் பகுதிகள், ஏழாவதற்கு ஏழு, எட்டாவதற்கோ ஆறே ஆறு! பாதை குறுகியது; வண்டி வேகம் பிடித்தது; வண்டியில் இருந்தவர்கள் குலுங்கினார்கள்.

குலுங்கியவர்கள் சும்மா இருக்கவில்லை. 2019 மே மாதத்தில், "எட்டாம் பருவத்தைத் தக்க எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடு" என்று ஒரு விண்ணப்பம் கிளம்பிற்று. அதில் கையொப்பமிட்டவர்கள் பத்து இலட்சத்தைத் தாண்டினார்கள். சான்சா வேடத்தில் நடித்த சோஃபி டர்னர், இது இரவு பகலாக உழைத்தவர்களை அவமதிப்பதாகும் என்று மனம் நொந்து சொன்னார். அவர் சொன்னதிலும் நியாயம் உண்டு. ஒரு போர்க் காட்சிக்காக 55 இரவுகள் குளிரிலே நின்ற தொழிலாளிகளும் நடிகர்களும் செய்த குற்றம் என்ன? அதே ஆண்டின் செப்டம்பரில் சிறந்த நாடகத் தொடருக்கான எம்மி விருது இந்தத் தொடருக்கே கிடைத்தது. விருது தந்தவர்கள் ஒரு பக்கம், விண்ணப்பம் எழுதியவர்கள் ஒரு பக்கம் என்று வழக்கு மேலும் வலுத்தது.

படைப்பவனைப் பார்த்து, "மாற்றி எழுது" என்று கேட்பது புதுமையா? அல்லவே அல்ல. 1893-இல் ஆர்தர் கோனன் டாயில் தம் துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸை அருவியிலே தள்ளிச் சாகடித்தார். வாசகர் கொதித்தனர், கதை வெளிவந்த இதழின் சந்தாவை ஆயிரக்கணக்கானோர் நிறுத்தினர் என்பார்கள். பத்தாண்டு கழித்து, 1903-இல், மாண்ட ஹோம்ஸ் மீண்டு வந்தார்! கேட்பது வாசகரின் உரிமை. ஆனால், கேட்டதையெல்லாம் கொடுப்பது படைப்பவரின் கடமை ஆகாது. எழுதுகோலைப் பிடுங்கும் உரிமை எவருக்கும் இல்லை. எனவே, "மீண்டும் எடு" என்ற கோரிக்கையை நாம் ஆதரிக்கவில்லை. ஆனால், அந்தக் கோரிக்கைக்குப் பின்னே நின்ற மனத்தாங்கலை எள்ளி நகையாடுவோரோடும் நாம் சேரமாட்டோம்.

மனத்தாங்கல் எதனால் வந்தது? டெனேரிஸ் என்ற பெண்ணால் வந்தது. நாடிழந்து, விற்பனைப் பொருள்போல் மணமுடித்துக் கொடுக்கப்பட்டவள் அவள். அடிமை வாணிபம் செழித்த நகரங்களுக்குப் படையோடு சென்று விலங்குகளை உடைத்தாள். விடுதலை பெற்றவர்கள் அவளைத் தாயென்று அழைத்துத் தோளில் தூக்கினார்கள். திரைக்கு வெளியிலும் அதுவே நடந்தது. அவளுக்குரிய 'கலீசி' என்ற பட்டத்தையே அமெரிக்கப் பெற்றோர் பலர் தம் பெண்குழந்தைகளுக்குப் பெயராகச் சூட்டினார்கள்! அவள்தான், கடைசிக்கு முந்திய பகுதியில், சரணடைந்தோம் என்று மணி ஒலித்த பின்னரும், டிராகன் மீதேறித் தலைநகரையே தீக்கிரையாக்கினாள். பிள்ளைகளும் கிழவர்களும் வெந்து மாண்டார்கள்.

"விதை முன்பே இருந்தது" என்கிறார்கள் ஒரு சாரார். 163 அடிமைக் குழந்தைகளைக் கொன்றதற்குப் பழியாக 163 எசமானர்களைச் சிலுவையில் அறைந்தவள் அல்லவா? மண்டியிட மறுத்த தந்தையையும் மகனையும் எரித்தவள் அல்லவா? உண்மை. "அது மட்டுமா உண்மை?" என்று கேட்கிறார்கள் மறுசாரார். ஆடு மேய்ப்பவன் ஒருவன், டிராகன் எரித்த தன் மகளின் எலும்புகளைத் துணியிலே சுற்றிக் கொண்டுவந்து அவள் முன் வைத்தபோது, தான் பிள்ளையாய் வளர்த்த டிராகன்களையே கண்ணீரோடு சங்கிலியில் பூட்டியவளும் அவள்தானே? ஒரு குழந்தைக்காக அழுதவள் ஓராயிரம் குழந்தைகளை எரிக்கும்படி மாறினாள் என்றால், அந்த மாற்றத்தைப் படிப்படியாக அல்லவா காட்ட வேண்டும்?

நமது கருத்தையும் சொல்லிவிடுகிறோம். விடுதலை தந்தவர் கொடுங்கோலர் ஆவதில்லை என்று எந்த வரலாறும் உறுதி கூறவில்லை. ஆகவே முடிவு பொய்யல்ல. அந்த முடிவுக்கு வந்த அவசரம்தான் குற்றம். அதைவிடப் பெரிய குற்றம் ஒன்றும் உண்டு. அதை இருசாராரும் அதிகம் பேசுவதில்லை. அடிமைகளை விடுவித்தாள், சரி; அந்த அடிமைகளுக்கு ஒரு மன்றம் உண்டா? அவளைத் தட்டிக்கேட்க ஓர் அவை உண்டா? எல்லாம் ஒருத்தியின் நல்ல மனத்தை நம்பியிருந்தது, அந்த மனம் கெட்டது, ஊர் வெந்தது. தவறு விலங்கை உடைத்ததில் இல்லை. உடைத்த கைக்குக் கட்டுப்பாடு இல்லாததில் இருக்கிறது. தொழுவதற்குத் தெய்வம் ஒன்று வேண்டும் என்று தேடியவர்கள், தெய்வம் தீ வைத்ததும் திகைத்து நிற்கிறார்கள்!

இறுதிப் பகுதியிலே வரும் ஒரு காட்சியைப் பாருங்கள். அடுத்த அரசன் யார் என்று பிரபுக்கள் கூடிப் பேசுகிறார்கள். சாம்வெல் என்ற இளைஞன் எழுந்து, "எல்லோரையும் ஆளப்போகிறவரை எல்லோருமே தேர்ந்தெடுத்தால் என்ன?" என்ற கருத்தைத் தயங்கித் தயங்கிச் சொல்கிறான். பிரபுக்கள் சிரிக்கிறார்கள். நாய்க்கும் வாக்கு உண்டா, குதிரையையும் கேட்போமா என்று கேலி பறக்கிறது. சாம்வெல் உட்கார்ந்துவிடுகிறான். பிறகு, கைவிலங்கோடு நின்ற டிரியன் ஒரு பெயரைச் சொல்ல, பிரபுக்கள் தலையசைக்க, பிரான் அரசனாகிறான். நகரத்தில் வெந்தவர்களின் உறவினர் ஒருவர்கூட அந்த அவையில் இல்லை. மணி அடித்து மன்றாடிய மக்களைக் கேட்பார் இல்லை.

கதைக்குள்ளே பிரபுக்கள் சிரித்தார்கள். கதைக்கு வெளியே, கையொப்பமிட்ட இலட்சக்கணக்கானோரைப் பார்த்தும் பலர் சிரித்தார்கள். இரண்டு சிரிப்பும் ஒரே சிரிப்புத்தான். பார்ப்பவனுக்கு என்ன தெரியும், படிப்பவனுக்கு என்ன தெரியும் என்ற சிரிப்பு! ஆனால், 2024-இல் நடந்தது என்ன? மார்ட்டினின் மற்றொரு நூலை ஒட்டி 2022-இல் தொடங்கிய 'ஹவுஸ் ஆஃப் த டிராகன்' தொடரில், தம் கதையை மாற்றிவிட்டார்கள் என்று அவரே வெளிப்படையாகக் குறைகூறி எழுதினார். எழுதிய வேகத்தில் அதை நீக்கியும்விட்டார். எழுதியவரே முறையிடும்போது, ரசிகன் முறையிடுவது மட்டும் பைத்தியக்காரத்தனம் ஆகிவிடுமா?

ரசிகர்களுக்கும் ஒரு வார்த்தை. எட்டாண்டுக் காலம் ஒரு கதையோடு வாழ்ந்தீர்கள். கோபப்பட உங்களுக்கு உரிமை உண்டு. உழைத்தவரை ஏசாதீர்கள், உருவாக்கியவரைக் கேளுங்கள். அப்படிக் கேட்கும்போது, "எங்கள் அரசியை ஏன் கெடுத்தாய்?" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள். "சாம்வெல் சொன்னதைக் கேட்டு ஏன் சிரித்தார்கள்?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு விடை தேடத் தொடங்கினால், இந்தத் தொடரைப் பார்த்த நேரம் வீண்போகவில்லை என்று நாம் துணிந்து சொல்வோம்.