குந்தவையின் கொண்டை

"அம்மா, எனக்கும் குந்தவை மாதிரி கொண்டை போட்டு விடுங்க!"

2022-இல் 'பொன்னியின் செல்வன்' படம் பார்த்துவிட்டு இப்படிக் கேட்ட பிள்ளைகள் பலர். கல்கி 1950-இல் எழுதத் தொடங்கிய தொடர்கதைதான் அந்தப் படம். கதை நடப்பதோ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், சோழர் காலத்தில். அப்போது போட்டோ ஏது? கொண்டை எப்படி இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுவருக்குத் தெரியும்! சோழர் கால ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. பிற்காலத்தில் நாயக்கர்கள் அவற்றின் மேலேயே வேறு ஓவியம் தீட்டிவிட்டார்கள். அதனால் 1931 வரை அவை மறைந்தே கிடந்தன. அங்கே ஆடும் பெண்களைப் பாருங்கள்: விதவிதமான கொண்டை, தலையில் பூ, கழுத்து நிறைய நகை. நாம் இப்போது போடும் ரவிக்கையைத்தான் காணோம். அது பின்னால் வந்தது. கொண்டை மட்டும் உண்மையிலேயே பழசு.