வெட்டுப்புள்ளி இல்லாத புலமைப்பரிசில்கள்

புலமைப்பரிசில் என்ற சொல்லை நாம் எல்லோரும் பத்து வயதிலேயே கேட்டுவிட்டோம். ஐந்தாம் ஆண்டுப் பரீட்சை, அதற்கு மாலை வகுப்பு, சனி ஞாயிறு வகுப்பு, கடந்தகால வினாத்தாள்கள், பெறுபேறு வெளியாகும் நாளில் ஒரு வெட்டுப்புள்ளி. ஒரு புள்ளியால் தவறினாலும் தவறியதுதான். உயர்தரத்துக்கு வந்தால் அதே கணக்கு இசட் புள்ளி என்ற பெயரில் மீண்டும் நம் முன்னால் நிற்கிறது. அதனால்தானோ என்னவோ, 'வெளிநாட்டுப் புலமைப்பரிசில்' என்று யாராவது சொன்னால் இன்னும் பெரிய ஒரு பரீட்சையும் இன்னும் உயரமான ஒரு வெட்டுப்புள்ளியும்தான் நமக்கு நினைவுக்கு வருகின்றன. எங்கள் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி, "அது தீவில் முதலிடம் வந்தவங்களுக்கு" என்றாள். இன்னொருத்தி, "அது காசுள்ளவங்களுக்கு" என்றாள். இரண்டும் சரியில்லை.

நான் இங்கே எழுதுவது பட்டப்பின் படிப்புக்கான உதவிகளைப் பற்றி. பல்கலைக்கழகத்தில் முதற்பட்டம் முடித்தபின் ஓரிரு ஆண்டுகள் படிக்கும் முதுமாணியும், அதற்கும் மேலான கலாநிதிப் பட்டமும் இதில் அடங்கும். உயர்தரம் முடித்த கையோடு முதற்பட்டம் படிக்க வெளிநாடு செல்வோருக்கு முழுச் செலவையும் தருகின்ற உதவிகள் மிகக் குறைவு. பட்டப்பின் படிப்புக்கு, குறிப்பாகக் கலாநிதிப் பட்டத்துக்கு, அவை ஒப்பீட்டளவில் அதிகம். காரணம் எளிது. முதற்பட்ட மாணவி கற்றுக்கொள்ள வருபவள். கலாநிதிப் பட்ட மாணவியோ கற்றுக்கொண்டே ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறாள், இளைய மாணவர்களுக்குக் கற்பிக்கிறாள், பேராசிரியரின் ஆய்வை முன்னே கொண்டு போகிறாள். அவள் பல்கலைக்கழகத்துக்குத் தேவைப்படுகிறாள். அந்தப் பணம் தர்மம் இல்லை.

முழு உதவி என்றால் என்ன என்பதையும் சொல்லிவிட வேண்டும். கல்விக் கட்டணம், மாதாந்த வாழ்க்கைச் செலவு, போய்வர விமானச் சீட்டு, மருத்துவக் காப்புறுதி ஆகியவை அனைத்தும் கிடைத்தால்தான் அது முழு உதவி. 'இருபத்தைந்து வீதப் புலமைப்பரிசில்' என்று விளம்பரம் செய்கிறார்களே, அது புடவைக் கடையில் பெருநாளைக்குப் போடும் கழிவு போன்றது. மிகுதி எழுபத்தைந்து வீதத்தை யார் கட்டுவது? எங்கள் ஊரில் ஒரு குடும்பம் இப்படியான ஒரு 'புலமைப்பரிசிலை' நம்பி வயற்காணியை ஈடு வைத்து, இடைத்தரகருக்கும் தனியாகப் பணம் கொடுத்தது. படிப்பு ஒரு தவணையோடு நின்றது. காணி இன்னும் மீளவில்லை. கீழே நான் குறிப்பிடும் அரசாங்கப் புலமைப்பரிசில்கள் எதற்கும் விண்ணப்பக் கட்டணம் கிடையாது, இடைத்தரகரும் தேவையில்லை. அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல அனுமதி விண்ணப்பத்துக்குக் கட்டணம் கேட்பதுண்டு. அது வேறு விடயம், அதையும் நேரே பல்கலைக்கழகத்துக்கே செலுத்தலாம்.

இனி முக்கியமான விடயத்துக்கு வருகிறேன். ஒவ்வொரு புலமைப்பரிசிலுக்குப் பின்னாலும் யாரோ ஒருவரின் பணமும், அந்தப் பணத்துக்கு ஒரு நோக்கமும் இருக்கின்றன. அந்த நோக்கத்தைப் படித்தால் விண்ணப்பத்தில் எதைத் தேடுகிறார்கள் என்பது விளங்கிவிடும்.

அமெரிக்காவின் புல்பிரைட் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது அமெரிக்க இராணுவத்தின் வாகனங்களும் தளபாடங்களும் பல நாடுகளில் மிஞ்சிக் கிடந்தன. அவற்றை வாங்க அந்த நாடுகளிடம் டொலர் இல்லை. அப்படியானால் உங்கள் நாட்டுப் பணத்திலேயே தாருங்கள், அதை மாணவர்களையும் ஆசிரியர்களையும் நாடு விட்டு நாடு அனுப்பச் செலவிடுவோம் என்று செனட்டர் புல்பிரைட் ஒரு சட்டம் கொண்டுவந்தார். அது 1946 இல் நிறைவேறியது. போரில் மிஞ்சிய லொறிகள் படிப்பாக மாறிய இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்தது. இலங்கை இத்திட்டத்தில் 1952 இல் இணைந்தது. நாடுகள் ஒன்றையொன்று அறிந்துகொள்ள வேண்டும் என்பதே அதன் நோக்கம். ஆகவே படித்தவர் தன் நாட்டுக்குத் திரும்பி இரண்டு ஆண்டுகள் வாழ்ந்த பின்பே அமெரிக்காவில் குடியேற விண்ணப்பிக்கலாம் என்பது விசாவோடு வரும் நிபந்தனை.

பிரித்தானிய அரசாங்கத்தின் செவனிங் 1983 இல் தொடங்கியது. ஓர் ஆண்டு முதுமாணிப் படிப்புக்கானது. அதன் நோக்கம் எதிர்காலத் தலைவர்களை நண்பர்களாக்கிக்கொள்வது. அதனால்தான் வெறும் புள்ளிகளை மட்டும் அவர்கள் பார்ப்பதில்லை. தலைமைத்துவம், மக்களோடு தொடர்பை வளர்த்தல், ஏன் இந்தப் படிப்பு, திரும்பி வந்து என்ன செய்யப்போகிறீர்கள் என்ற விடயங்களில் எழுதச் சொல்கிறார்கள். 2,800 மணித்தியால வேலை அனுபவமும் வேண்டும். அதில் சம்பளமில்லாத தொண்டு வேலையும் சேரும். முடித்தபின் இரண்டு ஆண்டுகள் நாட்டில் இருக்க வேண்டும்.

பொதுநலவாயப் புலமைப்பரிசில் 1959 இல் ஒக்ஸ்போர்ட் மாநாட்டில் உருவானது. அதன் தகுதி நிபந்தனைகளில் ஒன்றைப் படித்தபோது நான் திரும்பவும் ஒருமுறை படித்தேன். இந்த உதவி இல்லாவிட்டால் பிரித்தானியாவில் படிக்க வசதி இல்லாதவராக இருக்க வேண்டுமாம். "காசுள்ளவங்களுக்கு" என்று சொன்ன தோழிக்கு இதைக் காட்டினேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்தப் பக்கத்தைத் தொலைபேசியில் படம் எடுத்துக்கொண்டாள்.

எல்லா நோக்கமும் நல்ல நோக்கம் என்று நான் சொல்லவில்லை. ஒக்ஸ்போர்டின் புகழ்பெற்ற ரோட்ஸ் புலமைப்பரிசில் 1902 இல் இறந்த செசில் ரோட்ஸின் உயிலில் இருந்து வந்தது. தென்னாபிரிக்க வைரச் சுரங்கங்களில் சேர்த்த பணம் அது. பேரரசை வளர்ப்பதே அவருடைய கனவாக இருந்தது. அந்த உயிலில் பெண்களுக்கு இடமே இருக்கவில்லை. பிரித்தானியாவில் 1975 இல் பால் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்த பின்னர், 1977 இல்தான் பெண்கள் அதில் சேர முடிந்தது. பணம் அதே பணம்தான், நிபந்தனையை மாற்ற ஒரு சட்டம் தேவைப்பட்டது.

நம் சமூகத்திலும் இதற்கு ஓர் உதாரணம் உண்டு. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஏ.எம்.ஏ. அஸீஸ் அவர்கள் 1934 இல் புலமைப்பரிசில் பெற்றுக் கேம்பிரிட்ஜ் சென்றார். இலங்கைச் சிவில் சேவைக்குத் தெரிவானதால் அடுத்த ஆண்டே திரும்பினார். அந்தச் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிம் அவர்தான். கல்முனையில் உதவி அரசாங்க அதிபராக இருந்தபோது, பணம் இல்லாமல் படிப்பு நின்றுபோகும் பிள்ளைகளை நேரில் கண்டவர். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதியைத் தொடக்கினார். இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்ததும் அதே ஆண்டுதான். புலமைப்பரிசிலில் போன ஒருவர் திரும்பி வந்து மற்றவர்களுக்காக ஒரு நிதியை உண்டாக்கியதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அவரை ஸாஹிறாக் கல்லூரி அதிபராக மட்டும் நினைவு வைத்திருக்கிறோம்.

பெயர் பெற்ற இந்தப் புலமைப்பரிசில்கள் ஒருபுறம் இருக்க, உண்மையில் நம் நாட்டு விஞ்ஞானப் பட்டதாரிகள் பலர் செல்லும் வழி வேறொன்று. அது எந்த விளம்பரத்திலும் வராது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் இரசாயனவியல், பௌதிகவியல், கணிதம் போன்ற துறைகளில் கலாநிதிப் பட்டத்துக்கு அனுமதி கிடைத்தால், பெரும்பாலும் அந்தத் துறையே கற்பித்தல் உதவியாளராகவோ ஆய்வு உதவியாளராகவோ வேலையும் தரும். கல்விக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்து மாதம் ஒரு தொகையும் கொடுப்பார்கள். வேலை பொதுவாக வாரத்துக்கு இருபது மணித்தியாலங்களுக்கு உட்பட்டது. இதற்கெனத் தனி விண்ணப்பம் கூடப் பல இடங்களில் இல்லை, அனுமதி விண்ணப்பமே போதும். முதுமாணி இல்லாமல் நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டத்தோடு நேரே சேரலாம்.

எனக்குத் தெரிந்த ஒரு ராத்தா இப்படித்தான் இரசாயனவியல் படிக்கப் போயிருக்கிறார். முதல் தவணையிலேயே இருபது பேருள்ள ஆய்வுகூட வகுப்பை அவரிடம் கொடுத்துவிட்டார்களாம். "என்ட இங்கிலீஷ் அவங்களுக்கு விளங்க ரெண்டு கிழமை, அவங்கட இங்கிலீஷ் எனக்கு விளங்க நாலு கிழமை" என்று சிரித்தார். திங்கட்கிழமை வகுப்பு, புதன்கிழமைக்குள் செய்முறைக் குறிப்புகளைத் திருத்தி முடிக்க வேண்டும், மீதி நேரம் சொந்தப் பாடமும் பரிசோதனையும். "ஸ்கொலர்ஷிப் எண்டு ஊரில சொல்றாங்க, நான் வேலை செஞ்சுதான் படிக்கிறன்" என்றபோது அவர் குரலில் கொஞ்சம் பெருமை இருந்தது.

மற்ற நாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜப்பான் அரசாங்கத்தின் மெக்ஸ்ட் புலமைப்பரிசிலுக்குத் தூதரகம் வழியாகவும் பல்கலைக்கழகம் வழியாகவும் இரு பாதைகள் உண்டு. அண்மை ஆண்டுகளில் பட்டப்பின் மாணவர்களுக்கு மாதம் 143,000 முதல் 145,000 யென் வரை வழங்கினார்கள். அங்கே எல்லாம் ஆய்வுத் திட்டத்தில் தங்கியிருக்கிறது. எதை ஆராயப் போகிறீர்கள் என்று எழுதத் தெரியாவிட்டால் சிறந்த பெறுபேறும் உதவாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டுஸ் முதுமாணியில் குறைந்தது இரண்டு நாடுகளில் படிக்க வேண்டும், உதவி பெறுவோருக்கு மாதம் 1,400 யூரோ. ஜேர்மனியில் அரசாங்கப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணமே இல்லை. ஆனால் வாழ்க்கைச் செலவுக்கு வழி தேட வேண்டும். அதற்கு 1925 இல் தொடங்கிய டாட் நிறுவனம் உதவுகிறது. அதன் அபிவிருத்தி சார்ந்த பாடநெறிகளுக்கு இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள்.

இப்போது நம் வீடுகளில் கேட்கப்படும் கேள்விக்கு வருவோம். வயதுக் கணக்கு. உயர்தரம், பெறுபேறுக்குக் காத்திருப்பு, பல்கலைக்கழகம் திறக்கும் வரை காத்திருப்பு, பிறகு நான்கு ஆண்டுகள் என்று பார்த்தால் பட்டம் முடிக்கும்போது நமக்கு இருபத்தைந்து ஆகிவிடும். இரண்டு ஆண்டு வேலை அனுபவம் கேட்கும் புலமைப்பரிசில் என்றால் இருபத்தேழு. அந்த வயதில் உம்மாவும் வாப்பாவும் வேறு பேச்சுத் தொடங்கியிருப்பார்கள். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. ஆனால் எல்லா வழியும் அந்த இரண்டு ஆண்டைக் கேட்பதில்லை. அமெரிக்கக் கலாநிதிப் பட்டமும் எராஸ்மஸ் பாடநெறிகள் பலவும் பட்டம் முடித்த ஆண்டிலேயே விண்ணப்பிக்கக் கூடியவை. கல்யாணமான பின்பும் கதவு மூடுவதில்லை. மெக்ஸ்ட்டின் வயதெல்லை முப்பத்தைந்துக்கு உட்பட்டது. கணவருக்கும் பிள்ளைகளுக்குமான செலவைச் செவனிங்கும் மெக்ஸ்ட்டும் தருவதில்லை என்பதை மட்டும் முன்கூட்டியே தெரிந்துவைத்திருக்க வேண்டும். தனியாக அனுப்புவதா என்று வாப்பா தயங்கினால் அந்தத் தயக்கத்தில் நியாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். எங்கே தங்குவது, யார் பொறுப்பு, காசு எவ்வளவு என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும் என்பது அந்த ராத்தாவின் அனுபவம். அவர் அனுமதிக் கடிதத்தைத் தமிழில் மொழிபெயர்த்து வாப்பாவிடம் வாசிக்கக் கொடுத்தாராம்.

பதினேழு வயதில் இதற்கெல்லாம் என்ன அவசரம் என்று கேட்கலாம். விண்ணப்பிக்க அவசரமில்லைதான். ஆனால் சில முடிவுகள் நாம் அறியாமலே முன்கூட்டி எடுக்கப்பட்டுவிடுகின்றன. பல்கலைக்கழகத்தில் மூன்று ஆண்டுப் பொதுப் பட்டமா, நான்கு ஆண்டுச் சிறப்புப் பட்டமா என்பது அவற்றில் ஒன்று. வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல நான்கு ஆண்டுப் பட்டத்தை எதிர்பார்க்கின்றன. அடுத்தது சிபாரிசுக் கடிதம். பெரும்பாலும் இரண்டு மூன்று விரிவுரையாளர்கள் உங்களைப் பற்றி எழுத வேண்டும். நான்கு ஆண்டும் கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருந்த மாணவியைப் பற்றி அவர்கள் என்ன எழுதுவார்கள்? 'ஒழுக்கமானவர், வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர்' என்றுதான் எழுதலாம். நாம் அடக்கம் என்று நினைப்பது அந்தக் கடிதத்தில் வெறுமையாகத் தெரியும். ஆங்கிலத்தைப் பற்றி உங்கள் ஆசிரியைகள் போதிய அளவு சொல்லியிருப்பார்கள், நான் விட்டுவிடுகிறேன்.

இன்னொன்று மிகச் சிறியது, ஆனால் இந்த ஆண்டே செய்ய வேண்டியது. நம் பெயர்கள். பாத்திமா என்பதை ஆங்கிலத்தில் ஒரு 'எச்' சேர்த்தும் சேர்க்காமலும் எழுதுகிறார்கள். முஹம்மத் என்பதற்கு நம் வகுப்பிலேயே நான்கு எழுத்துக்கூட்டல்கள் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, பரீட்சைச் சான்றிதழில் வாப்பாவின் பெயர் முதலெழுத்தாக மட்டும் இன்னொன்று. ராத்தாவுக்கு அனுமதி கிடைத்த பிறகு அதிக நாள் எடுத்தது இதைச் சரிசெய்யத்தான், சத்தியக் கடதாசியோடு கொழும்புக்கு மூன்று தடவை போய்வந்தார். உயர்தரப் பரீட்சை விண்ணப்பப் படிவம் நம் கைக்கு வரும்போது, பிறப்புச் சான்றிதழைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுத்தெழுத்தாக நிரப்புங்கள்.