தாளிற் பிறந்து திரையில் வளர்ந்த வீரர்

சித்திரக்கதைகளில் உலவும் அதிமானுட வீரரைப் பற்றிக் கல்லூரி மலரில் எழுதப் புகுவது சிலர்க்கு வியப்பைத் தரலாம். காவியமும் தத்துவமும் பயிலுமிடத்தில், வண்ண உடையணிந்து மாடிவிட்டு மாடி தாவும் வீரர்க்கு யாது வேலை என அன்னோர் வினவக்கூடும். எனினும், மாணவர் விடுதியில் இரவுணவிற்குப் பின் எழும் உரையாடல்களைச் செவிமடுப்போர், இவ்வீரர்தம் பெயர் வாராத நாட்கள் மிகச் சிலவே என்பதை நன்கறிவர். புதிய படமொன்று வெளிவந்த அன்றே, மூலக்கதையைக் கெடுத்துவிட்டனர் என ஒரு சாராரும், மூலத்தினும் இது சிறந்தது என மற்றொரு சாராரும் வாதிடுவர். இளமை முதல் இக்கதைகளில் ஈடுபட்ட யாமும் அவ்வாதங்களிற் பலகாலும் புகுந்து குரல் உயர்த்தியதுண்டு. வாதம் முடிவுறாமைக்குக் காரணம் யாதெனின், மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்பதன் பொருளை எவரும் வரையறுத்துக் கொள்ளாமையேயாம். அதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

முதற்கண், மூலம் என்பது யாது? சூப்பர்மேன் என்னும் வீரனை எடுத்துக்கொள்வாம். அமெரிக்க நாட்டுக் கிளீவ்லாந்து நகரைச் சார்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இளைஞர் இருவர் அவனைப் படைத்தனர். முன்னவர் கதை எழுதினார். பின்னவர் படம் வரைந்தார். 1938ஆம் ஆண்டு ஜூன் மாதத்திற்குரிய ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில், பத்து சென்ட் விலையில், அவன் உலகிற்கு அறிமுகமானான். அவ்விதழில் அவன் பறந்தானல்லன். எட்டில் ஒரு மைல் தொலைவு தாவ வல்லவன் என்றே கூறப்பட்டான். 1941ஆம் ஆண்டில் பிளைஷர் உடன்பிறந்தார்தம் நிலையத்தார் அவனை அசையும் சித்திரப்படமாக்கியபோது, அவன் தாவித் தாவி இறங்குதல் கண்ணுக்கு இனிதாய் அமையாமை கண்டு அவனைப் பறக்கவிட்டனர் என்பர். அவன் பணிபுரியும் நாளிதழின் ஆசிரியர் பெர்ரி ஒயிட், இளைஞன் ஜிம்மி ஆல்சன் ஆகிய இருவரும் 1940ஆம் ஆண்டில் தொடங்கிய வானொலி நாடகத்தில் முதற்கண் பெயர் பெற்றோராவர். அவன் ஆற்றலை ஒடுக்கும் கிரிப்டோனைட் என்னும் கல்லும் 1943இல் வானொலியில் தோன்றி, 1949இலேயே ஏட்டினுட் புகுந்தது. ஆகவே, இன்று மூலம், மூலம் என்று நாம் காத்துநிற்கும் பொருளிற் பெரும்பகுதி, ஏட்டிற்கு வெளியேயிருந்து வந்து ஏட்டிற் குடிபுகுந்ததேயாம். ஆற்றின் ஊற்றினையே ஆறு எனக் கொண்டால் வழியிற் கலந்த நீரெல்லாம் யாதாகும்?

அங்ஙனமாயின், எதனை மாற்றினும் குற்றமில்லையோ எனின், அற்றன்று. மாற்றலாகாதது ஒன்றுண்டு. அஃது அவ்வீரனது எல்லையாகும். ஒரு வீரனை அவனாக்குவது அவன் செய்ய வல்லது மட்டுமன்று. அவனாற் செய்யவியலாததும், அவன் செய்ய மறுப்பதுமேயாம். 1972ஆம் ஆண்டில் தொடங்கிய முத்து காமிக்ஸ் வழியாகத் தமிழ் பேசிய இரும்புக்கை மாயாவியை நம் முதியோர் பலர் அறிவர். ஆங்கில நாட்டுச் சித்திரக்கதையினின்றும் வந்த அவ்வீரன், மின்சாரம் பாய்ந்தவுடன் மறைந்துவிடுவான். ஆயின் அவனது இரும்புக்கை மட்டும் மறையாது வெளியே தோன்றும். அக்கையும் மறைந்திருக்குமாயின் கதையில் அச்சமேது? அவன் அகப்பட்டுக்கொள்ளக்கூடும் என்னும் நடுக்கத்தாலன்றோ நாம் தாளைப் புரட்டினோம்?

இவ்வளவுகோலைக் கொண்டு திரைப்படங்களை நோக்குவாம். 1978ஆம் ஆண்டில் ரிச்சர்டு டான்னர் இயக்கிய ‘சூப்பர்மேன்’ படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் நடித்தார். ஒரு காட்சியில் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, கூனிய முதுகை நிமிர்த்தி, குரலைத் தாழ்த்திய அளவில், அஞ்சிய எழுத்தாளன் மறைந்து வீரன் நிற்பதைக் காண்கிறோம். மறுகணமே துணிவிழந்து மீண்டும் கூனுகிறார். உடை மாற்றமின்றி உடலாலேயே நிகழ்த்திய இம்மாற்றம் ஏட்டுச் சித்திரத்திற்கு எளிதிற் கிட்டாதது. அதனினும் மேலாக, அப்படத்தில் அவனை வளர்த்த தந்தை மாரடைப்பால் இறக்கின்றார். மலையைப் புரட்டும் கைகள் அவ்விதயத்தை மீண்டும் இயக்க உதவவில்லை. அவன் எல்லையை இங்ஙனம் காட்டியமையாலேயே அப்படம் மூலத்திற்கு உண்மையாயிற்று.

ஸ்பைடர்மேன் திறத்திலும் இதுவே உண்மை. ஸ்டான் லீ, ஸ்டீவ் டிட்கோ என்பார் 1962ஆம் ஆண்டிற் படைத்த பீட்டர் பார்க்கர் என்னும் மாணவன், வலை பாய்ச்சும் கருவியைத் தன் அறிவால் தானே இயற்றினான். 2002ஆம் ஆண்டில் சாம் ரைமி எடுத்த படத்திலோ, வலை அவன் மணிக்கட்டிலிருந்தே சுரந்தது. அஃது அவன் அறிவிற்கு இழுக்கென யாமும் அந்நாளிற் சினந்தோம். பின்னர்ச் சிந்தித்தவிடத்து, முதன்மையானதொன்று சிதையாதிருந்தமை புலனாயிற்று. தப்பியோடும் கள்வனைத் தடுக்க வல்லனாயிருந்தும் தனக்கென்ன என்று அவன் வாளாவிருந்ததும், அக்கள்வனாலேயே சிறிய தந்தை மாண்டதாக அவன் உணர்ந்ததும், அக்குற்றவுணர்வே அவனை வீரனாக்கியதும் படத்தில் நிலைபெற்றிருந்தன. கருவி போயிற்று, கடமை போகவில்லை.

இனி, வீடியோ விளையாட்டுகளைக் காண்பாம். ஏட்டிலும் படத்திலும் நாம் காண்போராய் அமர்ந்திருக்கிறோம்; விளையாட்டிலோ வீரன் செயலை நம் விரல்களே செய்கின்றன. ஆதலின் எல்லை பற்றிய வினா இங்கு இன்னும் கூர்மையாகின்றது. தோல்வி இல்லாவிடத்து ஆட்டமில்லை. அவ்வாறிருக்க, எதனாலும் ஊறுபடாத சூப்பர்மேனைக் கொண்டு ஆட்டம் அமைப்பது யாங்ஙனம்? 1979ஆம் ஆண்டிலேயே அட்டாரி நிறுவனத்தார் அவனை விளையாட்டாக்கினர். 1999ஆம் ஆண்டில் நின்டெண்டோ 64 கருவிக்கென வெளிவந்த விளையாட்டோ, பனிமூட்டம் சூழ்ந்த நகரில் வளையங்களினூடே அவனைப் பறக்கச் செய்து பொழுதுபோக்கிற்று. உலகைக் காக்கும் வீரன் வளையம் நுழைவதையா நாம் வேண்டினோம்? அது விளையாடுவோரின் நகைப்பிற்கு இன்றும் இலக்காகி நிற்கின்றது. 2006ஆம் ஆண்டு விளையாட்டில் ஒரு நுட்பம் தோன்றியது. அங்கு வீரன் உயிர் தேய்வதில்லை. நகரத்தின் உயிரே தேய்கின்றது. கட்டடங்கள் அழிய அழிய அளவுக்கோடு குறையும். அது முற்றும் அற்றால் ஆட்டம் தோல்வி. அவ்விளையாட்டு பிறவகையில் பெரும்புகழ் பெற்றதன்று. ஆயினும், சூப்பர்மேன் இழக்கக்கூடியது தன் உடலையன்று, தான் காக்க வந்த மக்களையே என்பதை அதனை அமைத்தோர் கண்டுகொண்டனர்.

பேட்மேன் திறம் இதற்கு மறுதலை. அவனுக்கு அதிமானுட ஆற்றல் ஏதுமில்லை. பயிற்சியும் கருவியுமே துணை. 2009ஆம் ஆண்டில் இலண்டன் நகர ராக்ஸ்டெடி நிலையத்தார் ஆக்கிய ‘பேட்மேன்: ஆர்க்கம் அசைலம்’ என்னும் விளையாட்டில், துப்பாக்கி ஏந்திய கொடியோர் முன் நேரே சென்று நின்றால் அவன் விரைவில் மாள்வான். ஆகவே உயரத்துக் கற்சிலைகளில் ஒளிந்திருந்து ஒருவரையொருவராக வீழ்த்தல் வேண்டும். தோழர் குறையக் குறைய எஞ்சியோர் நடுங்குவதை நாம் காண்கிறோம். இருளையும் அச்சத்தையும் படைக்கலமாகக் கொள்ளுதல் என்னும் அவனியல்பு, சொல்லப்படாமல் நம் கையாலேயே செய்யப்படுகின்றது. எல்லையே இங்கு ஆட்டமாயிற்று. இதற்குக் கதை எழுதியவர் பால் டினி. இவரே 1992ஆம் ஆண்டின் பேட்மேன் தொலைக்காட்சிச் சித்திரத் தொடரில், புரூஸ் டிம் என்பாரோடு கூடி, ஹார்லி குயின் என்னும் பெண்ணைப் படைத்தவர். அவளும் திரையிற் பிறந்து மறு ஆண்டே ஏட்டினுட் புகுந்தாள்.

2018ஆம் ஆண்டில் இன்சோம்னியாக் நிலையத்தார் அளித்த ஸ்பைடர்மேன் விளையாட்டின் முடிவை யாம் மறக்கவியலாது. நகரெங்கும் கொடுநோய் பரவுகின்றது. வளர்த்த தாய்க்கு நிகரான மே அத்தையும் நோயுற்றுக் கிடக்கின்றார். மாற்று மருந்து சிறிதளவே உளது. அதனை அவருக்கு ஊட்டினால் அவர் பிழைப்பார்; ஆய்வாளர்பாற் சேர்ப்பித்தால் ஊர் முழுதும் பிழைக்கும். பீட்டர் ஊரைத் தேர்கின்றான். அவ்விடத்தில் நம் விரல்களுக்கு வேலையில்லை. வேறு முடிவைத் தேர நமக்கு உரிமையுமில்லை. நெடும்பொழுது அவனாய் நின்று வெற்றிமேல் வெற்றி ஈட்டிய பின், கருவியைப் பற்றியபடியே செயலற்றிருக்கும் அந்நிலை, 1962இல் எழுதப்பட்ட கடமையுணர்வின் விலையை நம் நெஞ்சிற் பதிக்கின்றது. காண்போனாய் மட்டும் இருந்திருப்பின் இத்துணைத் துயர் யாம் உற்றிரோம்.

நிற்க. மூலத்திற்கு உண்மையாயிருத்தல் என்பதற்கு மற்றொரு பொருளுண்டு. அதனைக் கூறாதுவிடின் இக்கட்டுரை குறையுடையதாகும். மூலம் என்பது கதை மட்டுமன்று. அதனை ஆக்கிய கைகளுமாம். சீகலும் ஷஸ்டரும் 1938இல் தம் முதற் கதையோடு சூப்பர்மேனின் உரிமையனைத்தையும் 130 டாலருக்கு விற்றுவிட்டனர். அப்போது அவர்க்கு வயது இருபத்து மூன்று. பின்னர் வழக்காடியும் பயன் பெற்றிலர். அவர்தம் பெயரும் இதழினின்று நீக்கப்பட்டது. பெரும்பொருட் செலவில் திரைப்படம் எடுக்கப்படவிருந்த 1975ஆம் ஆண்டில், ஷஸ்டர் கண்பார்வை மங்கி வறுமையில் வாடினார். சீகல் தம் குறையைப் பத்திரிகைகளுக்கு எழுதி அறிவித்தார். சித்திரக்கலைஞர் பலரும் துணைநின்றனர். அதன்பின்னரே ஆண்டொன்றுக்கு இருபதினாயிரம் டாலர் உதவித்தொகை இருவர்க்கும் கிடைத்தது. அவர்தம் பெயரும் மீண்டும் பொறிக்கப்பட்டது.

பேட்மேன் வரலாறு இதனினும் இரங்கத்தக்கது. 1939ஆம் ஆண்டு தோன்றிய அவ்வீரனைப் படைத்தவர் பாப் கேன் என்றே நெடுங்காலம் அச்சிடப்பட்டு வந்தது. ஆனால் முகமூடியையும், வௌவால் இறகனைய மேலாடையையும், புரூஸ் வெய்ன் என்னும் பெயரையும் அளித்தவர் பில் ஃபிங்கர் என்னும் எழுத்தாளர். அவர் 1974இல் புகழின்றி இறந்தார். மார்க் டைலர் நோபில்மன் என்னும் நூலாசிரியர் அவர் வரலாற்றைத் தேடித் திரட்டி 2012இல் நூலாக்கினார். ஃபிங்கரின் பேர்த்தியும் உரிமைக்காக முயன்றார். 2015இல் பதிப்பகத்தார் இசைந்தனர். 2016ஆம் ஆண்டில் திரையில் அவர் பெயர் கேனின் பெயரோடு தோன்றியபோது, அவர் மறைந்து நாற்பத்திரண்டு ஆண்டுகள் சென்றிருந்தன. யாம் ஒன்றை வெட்கத்துடன் ஒப்புக்கொள்கிறோம். பேட்மேனாக நடித்தார் அனைவரையும் வரிசைபிறழாது சொல்ல வல்லோமாயிருந்த இளமையில், ஃபிங்கர் என்னும் பெயரை ஒருமுறையேனும் கேட்டிலோம். முகமூடியின் கொம்பு அரை விரல் நீண்டுவிட்டதென்று விடியுமட்டும் வாதிட்ட எமக்கு, அதனை எண்ணிக் கண்டவர் யார் என்று கேட்கத் தோன்றவில்லை. நீதிக்காகப் போராடும் வீரனை நேசித்தோம். அவனைப் படைத்தார்க்கு நீதி கிட்டிற்றா என வினவினோமல்லோம். எங்கோ ஒருவர் வினவியதன் பயனே அத்திரையிற் கண்ட பெயர்.

மாணவ அன்பர்காள்! இத்தகைய படங்களிற் பலவற்றில், பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தபின் சிறு காட்சியொன்று வருவது வழக்கமாகிவிட்டது. அதற்காக நம்மவர் இருக்கையை விட்டு எழாது காத்திருக்கின்றனர். காத்திருத்தல் நன்றே. அவ்வளவில் திரையில் ஏறிச்செல்லும் பெயர்களையும் படிப்பீராக. உடை மாறிற்றா, வலை மாறிற்றா என்னும் வாதங்களை விடுதிக்குத் திரும்பும் வழியில் வைத்துக்கொள்ளலாம். வீரனது எல்லை காக்கப்பட்டதா, அவனைப் படைத்தார் பெயர் காக்கப்பட்டதா என்னும் இவ்விரண்டையும் முதலில் வினவுவீராக. இரண்டிற்கும் ஆம் என்னும் விடை கிடைக்குமாயின், வலை மணிக்கட்டிலிருந்து வரினும் கருவியிலிருந்து வரினும் யாம் இனிச் சினவோம்.